மேல்குளத்தார், கீழ்க்குளத்தார்

அனுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று ஓடும் ஆறு மன்னாருக்குள் வந்ததும் அருவியாறு ஆகிவிடுகிறது. நீளம் 164 கிலோமீற்றர். இலங்கையில் மகாவலிக்கு அடுத்த நீளமான ஆறு இதுதான். நாச்சதுவைக் குளத்தையும் அனுராதபுர நகரையும் தொட்டு, தந்திரிமலைக் காட்டைக் கடந்து, செட்டிகுளத்துப் பக்கமாக வளைந்து, அரிப்பில் கடலோடு சேர்கிறது. தொடங்கும் இடத்தில் சிங்கள ஊர்கள். முடியும் இடத்தில் தமிழ், முஸ்லிம் ஊர்கள். நடுவில் நெடுங்காலம் போர் நடந்த காடு.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பிரதேசம் என்பது பஸ் சன்னலில் ஓடி மறையும் சில குளங்கள்தான். வவுனியா தாண்டினால் நித்திரை. தம்புள்ளையில் தேநீருக்கு எழுப்புவார்கள். நானும் அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தேன். தண்ணீர் போகிற திசையிலேயே, மேலிருந்து கீழாக, ஒருமுறை போய்ப் பார்ப்பதென்று 2025 புரட்டாதியில் புறப்பட்டதற்கு ஒரு திட்டம் காரணம்.

2016இல் பசுமைக் காலநிலை நிதியம் இலங்கைக்கு ஒரு பெரிய தொகையை ஒதுக்கியது. நிதியத்தின் மானியம் சுமார் 3 கோடியே 80 லட்சம் டொலர். இலங்கை அரசின் பங்கு 1 கோடியே 40 லட்சம் டொலர். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா ஆகிய மூன்று ஆற்றுப் படுகைகளில் வேலை. ஒரு வருடம் வறட்சி, மறு வருடம் வெள்ளம் என்று அடிபடும் சிறு கமக்காரர் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது நோக்கம். கிராமக் குளங்களைத் திருத்துவது, குடிதண்ணீர் கொடுப்பது, வானிலை முன்னறிவிப்பைக் கமக்காரர் கைக்குக் கொண்டுவருவது என்று வேலையைப் பிரித்திருந்தார்கள். 2017இல் தொடங்கி ஏழு வருடம். இப்படியான திட்டம் நடக்கும்போது போய்ப் பார்த்தால் மாலையும் குளிர்பானமும்தான் கிடைக்கும். பெயர்ப்பலகை வெளுத்த பிறகு போனால்தான் குளம் தெரியும்.

வவுனியாவில் கமநல சேவையில் இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். சிங்களம் சரளமாகப் பேசுவார். குளக்கட்டில் ஏறினால் முதலில் துருசை (மதகை) பார்ப்பார். பிறகுதான் மனிதரைப் பார்ப்பார்.

மிகிந்தலையைத் தாண்டி ரம்பாவப் பக்கம் இறங்கினோம். இங்கே கப்பிரிக்கம என்ற ஊரின் குளத்தொடர், குளங்களைப் பற்றிப் படிப்பவர்கள் தேடிவரும் இடம். பசுமை நிதி வருவதற்கு முன்பே, 2013 முதல் சில ஆண்டுகள், இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியமும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் சேர்ந்து இந்தத் தொடரைத் திருத்தின. குளத்தை மட்டும் திருத்தாமல் குளத்தைச் சுற்றியிருந்ததையும் திருப்பிக் கொண்டுவரப் பார்த்த முயற்சி அது. பின்னால் வந்த பெரிய திட்டங்களுக்கு இதில் பாடம் இருந்தது.

குளத்தொடர் என்றால் என்ன என்பதை இங்கே நின்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. மேலே ஒரு குளம். அதன் கீழே வயல். வயலில் வடிந்த தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகிறது. அதன் வான் (கலிங்கு) பாய்ந்தால் அதற்கடுத்த குளம். ஒரே தண்ணீர் மூன்று, நான்கு ஊர்களின் வயலில் வேலை செய்துவிட்டுத்தான் ஆற்றுக்குப் போகும். சிங்களத்தில் இதை எல்லங்காவ என்பார்கள். பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் இதற்கு ஒரு வரைவிலக்கணம் எழுதிய பிறகுதான் பொறியியலாளர்கள் குளத்தைத் தனித்தனியாகப் பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். 2017இல் உலக உணவு விவசாய நிறுவனம் இந்த முறையை உலகின் முக்கிய விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றது.

குளக்கட்டில் எங்களைக் கூட்டிப்போனவர் எழுபது வயதைத் தாண்டிய கமக்காரர். சாரம், தோளில் துவாய், காலில் ஒன்றும் இல்லை. குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான். கட்டின் நடுவில் துருசு. கதவைத் திருகும் இரும்புச் சக்கரத்தைச் சீமெந்துப் பையால் சுற்றிச் சங்கிலி போட்டிருந்தார்கள். சங்கிலியில் இரண்டு பூட்டு. எதற்கு இரண்டு என்று நண்பர் கேட்டார். ஒரு திறப்பு இவரிடம். மற்றது வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவரிடம். இரண்டு பேரும் வந்தால்தான் தண்ணீர். "கடைசி வயல்காரன் வராமல் திறந்தால் அவனுக்குத் தண்ணீர் போகாது, எனக்குத் தூக்கம் வராது" என்றார். நண்பர் மொழிபெயர்த்துவிட்டுச் சிரித்தார்.

அலைகரைப் பக்கம் திரும்பிக் கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். தண்ணீர் ஏறும் எல்லையில் ஒரு மரக்கூட்டம்: காற்றை மறிக்கும், ஆவியாவதைக் குறைக்கும், மழைக்காலத்தில் மீன் வேர்களுக்குள் குஞ்சு பொரிக்கும். அதற்கு மேலே புல்லும் கோரையும் படர்ந்த பட்டை, வண்டல் அதில் தங்கிவிடும். இன்னும் மேலே காட்டுக்குள் ஒரு குட்டிக் குளம். அதிலிருந்து வயலுக்குத் தண்ணீர் எடுப்பதில்லை. மண் அங்கே படியட்டும், யானையும் மானும் அங்கே குடிக்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். கட்டுக்கு இந்தப் பக்கம், கட்டின் அடிக்கும் வயலுக்கும் நடுவே, ஈரமான ஒரு புதர்க்காடு. கட்டில் கசியும் உப்புத் தண்ணீர் வயலுக்குள் போகாமல் அந்தக் காடு குடித்துவிடும். பல ஊர்களில் இந்தத் துண்டு நிலத்தைத்தான் முதலில் வெட்டி வயலாக்கினார்கள். அங்கே முதல் வரிசை நெல் மஞ்சளாக நிற்பதைப் பார்த்தால் காரணம் கேட்கத் தேவையில்லை.

இவற்றில் எதுவும் வழக்கமான ஒப்பந்த மதிப்பீட்டில் வராது. கட்டை உயர்த்தினால் இத்தனை கனமீற்றர் மண் என்று பில் எழுதலாம். மரக்கூட்டத்துக்குக் கன அளவு கிடையாது. தூர் வாருவதும் அப்படித்தான். பெக்கோ வந்து குளத்தின் நடுவில் ஆழமாகத் தோண்டிவிட்டுப் போனால் குளம் கொள்ளும் தண்ணீர் கூடிவிட்டதாகக் காகிதத்தில் வரும். துருசின் மட்டத்துக்குக் கீழே நிற்கிற தண்ணீர் மாட்டுக்கும் விராலுக்கும் உதவும், வயலுக்கு வராது. அடியில் படிந்திருந்த களிப்படை கிழிந்தால் அந்தத் தண்ணீரும் நிலத்துக்குள் இறங்கிவிடும். வானை உயர்த்தினாலும் சிக்கல் உண்டு. தண்ணீர் அகலமாகப் பரவி வெயிலில் போகும். மேல்குளத்தாரின் வயலின் வால் நீரில் மூழ்கும். எவ்வளவு வாருவது, எங்கே வாருவது, வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்பதெல்லாம் மேல் ஊர், கீழ் ஊர் இரண்டும் இருந்து பேசவேண்டியவை. பசுமை நிதித் திட்டம் தனிக் குளத்தை விட்டுக் குளத்தொடரை ஓர் அலகாக எடுத்தது இந்த வகையில் பெரிய முன்னேற்றம். அதை மனதாரச் சொல்லத்தான் வேண்டும்.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார். தண்ணீர் குறைந்த போகத்தில் எல்லா வயலும் விதைப்பதில்லை. துருசுக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் எடுத்து, ஊரில் காணி உள்ள எல்லோருக்கும் அவரவர் காணிக்கு ஏற்பப் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். அந்தப் போகத்துக்கு மட்டும் வரப்பு இல்லாததுபோல. கிட்ட உள்ள வயலின் சொந்தக்காரன் தன் வயலை மற்றவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அவர்களிடம் இதற்குப் பெயர் பெத்ம. வன்னியில் பங்கு விதைப்பு. 2016, 2017 வறட்சியில் இங்கே அப்படிச் செய்தார்களா என்று கேட்டோம். "அந்த வருடம் பங்கு போடவும் தண்ணீர் இல்லை" என்றார்.

அங்கிருந்து மதவாச்சி. இந்த ஊரின் பெயர் வெளியுலகுக்குத் தெரிந்தது சிறுநீரக நோயால். நோய்க்குக் காரணம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒருமுகமாகச் சொல்லவில்லை. கிணற்றுத் தண்ணீர் மீது சனங்களுக்கு இருந்த நம்பிக்கை மட்டும் போய்விட்டது. வறட்சியில் கிணறு வற்றி உப்பும் காரமும் ஏறும்போது அச்சம் கூடுகிறது. வீதியோரம் ஒரு சின்னக் கட்டடத்தில் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம். ஊர்ச் சங்கம் நடத்துகிறது. ஒரு பெண் பிள்ளை கொப்பியில் எழுதிக்கொண்டு போத்தல்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். கொப்பியில் நாலு நிரல்: திகதி, லீற்றர், காசு, கடைசியில் "வடிக்கு" என்று ஒன்று. சவ்வு வடி பழுதானால் மாற்றப் பெரிய தொகை வேண்டும். அதற்காக ஒவ்வொரு நாள் வரவிலும் ஒரு பங்கை ஒதுக்குகிறார்கள். வெளியிலிருந்து வந்த இயந்திரம், ஊர் போடுகிற பராமரிப்புக் காசு. நான் இந்தப் பயணத்தில் பார்த்ததில் மிகத் தெளிவான கணக்கு அந்தக் கொப்பியில்தான் இருந்தது.

குளத்துக்கு அப்படி ஒரு கொப்பி இல்லை. குளத் தண்ணீருக்கு விலை இல்லாததால் கணக்கும் இல்லை. ஒரு காலத்தில் அதற்குப் பதிலாக ஊழியம் இருந்தது. வருடத்தில் இத்தனை நாள் ஊரார் குளக்கட்டில் மண் போட வேண்டும் என்பது இராசகாரியத்தின் ஒரு பகுதி. 1832இல் கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசில் பிரித்தானியர் இராசகாரியத்தை ஒழித்தார்கள். கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதுதான். ஆனால் கட்டில் யார் மண் போடுவது என்ற கேள்விக்குப் பதில் வைக்காமலே ஒழித்தார்கள். குளங்கள் உடைந்தன, ஊர்கள் காடாகின. 1856இல் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்து பழைய வழக்கத்தை வேறு பெயரில் திரும்ப அழைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வயல் விதானைமார் போனார்கள், பயிர்ச்செய்கைக் குழு வந்தது. அதுவும் மாறி, இப்போது 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி கமக்காரர் அமைப்புகள். சட்டம் மாறிய ஒவ்வொரு தடவையும் குளம் ஒரு பத்து வருடம் அநாதையாக நின்றிருக்கிறது என்று நண்பர் தன் அனுபவத்தில் சொன்னார்.

மதவாச்சியில் மன்னார் வீதிக்குத் திரும்பினால் கொஞ்ச தூரத்தில் மொழி மாறும். கடைப் பலகைகளில் தமிழ் மேலே வருகிறது. மண்ணும் மரமும் அதேதான். செட்டிகுளம். இந்தப் பெயரைக் கேட்டால் எங்களுக்கு 2009 நினைவு வராமல் இருக்காது. போரில் இடம்பெயர்ந்த இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இங்கே மெனிக் பாம் முகாமில் அடைந்து கிடந்தபோது இந்த ஆற்றின் தண்ணீரைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள். 2012இல் முகாம் மூடப்பட்டது.

போர்க்காலத்தில் இங்கே ஊர்கள் பெயர்ந்துபோன ஆண்டுகளில் குளக்கட்டுகளில் மரம் முளைத்து, வேர் இறங்கி, எறும்புண்ணி வளை தோண்டி, கட்டுகள் சல்லடையாகிவிட்டன. திரும்பி வந்தவர்களுக்கு முதலில் வீடு, பிறகு கிணறு, கடைசியாகக் குளம். நாங்கள் போன ஊரின் கமக்காரர் அமைப்பில் பொருளாளர் ஓர் அம்மா. வயது அறுபது இருக்கும். பொருளாளர் என்பது பெயருக்கு இல்லை. இரும்புப் பெட்டியிலிருந்து ரசீதுகளை எடுத்து மேசையில் அடுக்கிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். அவர்களுடைய குளத்தைத் திருத்தியது பசுமை நிதி இல்லை, வேறொரு உதவி.

"குளம் திருத்தித் தந்தது உண்மை, தம்பி. நல்ல வேலைதான். ஆனா எங்கட குளத்துக்கு மேல ரெண்டு குளம் இருக்கு. அதுகள் பட்டியலில இல்லை. கேட்டா, அது மற்றப் பிரதேச செயலகமாம்."

"பிறகு என்ன நடந்தது அக்கா?"

"என்ன நடக்கும்? ஒரு மாரி, மேல இருக்கிறது உடைஞ்சு வந்துது. வந்த தண்ணி எங்கட புதுக் கட்டில ஒரு பக்கத்தைக் கொண்டுபோச்சுது. மேல்குளம் உடைஞ்சா கீழ்க்குளம் நிக்குமே? இதைச் சொல்ல இஞ்சினியர் வேணுமே?"

உடைந்த இடத்தை ஊரே சேர்ந்து மண்மூட்டை போட்டு அடைத்திருக்கிறது. இப்போது மேல் ஊர்க்காரரோடு ஓர் ஏற்பாடு. ஐப்பசியில் மழை தொடங்குமுன் இவர்கள் ஊரிலிருந்து ஆட்கள் போய் மேல்குளத்துக் கட்டில் சிரமதானம் செய்துகொடுக்கிறார்கள். மழை பலத்தால் மேல்குளத்து வான் பாயும்போது அங்கிருந்து தொலைபேசி எடுத்துச் சொல்கிறார்கள். எந்தத் திட்டத்திலும் எழுதாத ஒப்பந்தம். டொலர் கணக்கில் இதற்கு என்ன பெறுமதி என்று யாராவது போட்டுப் பார்க்கலாம்.

அருகே ஒரு தொடரில் பசுமை நிதியில் வேலை நடந்த குளங்களையும் பார்த்தோம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. மூன்று குளத்தின் கமக்காரர்களும் ஒரு குழுவாக இருக்கிறார்கள். பாடசாலை வளவில் மழைமானி ஒன்று. அதன் கணக்கைப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். போகத்துக்கு முந்திய கூட்டத்தில் வானிலைத் திணைக்களத்தின் பருவ முன்னறிவிப்பை வாசித்துவிட்டு, மூன்றரை மாத நெல்லா, மூன்று மாத நெல்லா, உழுந்து, பயறா என்று தீர்மானிக்கிறார்கள். முன்பு திகதியை நல்லநாள் பார்த்து வைத்தோம், இப்போது நல்லநாளும் பார்க்கிறோம் முன்னறிவிப்பும் பார்க்கிறோம் என்றார் செயலாளர். வேலை எல்லாம் நேரத்துக்கு நடந்ததா என்றால் இல்லை. 2022இல் ரூபாய் விழுந்தபோது டொலரில் வந்த பணம் ரூபாயில் பெருகியது. ஆனால் டீசல் இல்லை, சீமெந்து விலை ஏறியது, பழைய விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர்கள் பெக்கோவைக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்கு முந்திய வருடம்தான் இரசாயன உரத்துக்குத் தடை வந்து விளைச்சல் மிகவும் குறைந்து போயிருந்தது. காலநிலை ஒரு பக்கம் அடிக்க, மறுபக்கம் அரசாங்கமும் அடித்த காலம் அது. அந்த இரண்டு வருடத்தைக் குளத்தால்தான் தள்ளினோம் என்று செயலாளர் சொன்னதை நான் நம்புகிறேன்.

திட்டம் முடிந்தது. குழு இருக்கிறது. குழுவின் வங்கிப் புத்தகத்தில் பராமரிப்பு நிதி என்று ஒன்றும் இருக்கிறது. துருசுக் கதவின் ஒரு திருகாணியை மாற்றலாம், கட்டின் ஒரு உடைப்பை அடைக்க முடியாது. இதுதான் இந்த நிதிகளின் பெரிய குறை. கட்டுவதற்கு ஏழு வருடம் காசு உண்டு. காப்பதற்கு எட்டாம் வருடம் ஒன்றும் இல்லை. மதவாச்சிப் பிள்ளையின் கொப்பியில் இருந்த நாலாவது நிரல் இங்கே இல்லை.

மடு வீதியைத் தாண்டித் தெற்கே இறங்கும் மண்பாதையில் போனால் தேக்கம். அருவியாற்றுக்குக் குறுக்கே பெருங்கற்களை அடுக்கிக் கட்டிய பழைய அணை. புரட்டாதியில் ஆறு கிட்டத்தட்ட மணல்தான், ஆங்காங்கே குட்டை. கரை முழுக்க மருத மரங்கள். கற்களின் மேல் நடந்து மறுகரைக்குப் போகலாம். மழைக்காலத்தில் இதே இடத்தில் யானையையும் ஆறு அடித்துக்கொண்டு போகும் என்று ஒரு மாடு மேய்ப்பவர் சொன்னார். இந்த அணை மறிக்கிற தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக் குளத்துக்குப் போகிறது. பிரித்தானியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதையும் குளத்தையும் திருத்தினார்கள்; கட்டியவர்கள் ஆயிரம் வருடத்துக்கு மேல் முந்தியவர்கள்.

கட்டுக்கரைக் குளத்தை ஆங்கிலேயர் இராட்சதக் குளம் என்று அழைத்தார்கள். முருங்கன் பக்கத்தில் கட்டில் ஏறி நின்றால் அந்தப் பெயர் பிழையில்லை என்று தெரியும். மறுகரை கண்ணுக்கு எட்டாது. ஆனால் ஆழம் இல்லை. நிறைந்து நின்றாலே பதினொன்றரை அடிதான். அகலமாகவும் ஆழமில்லாமலும் இருப்பதால் வெயில் நிறையத் தண்ணீரை எடுத்துவிடும். இந்தக் குளத்தின் கீழே 24,000 ஏக்கருக்கு மேல் வயல். நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சின்னக் குளங்கள் இதிலிருந்து தண்ணீர் வாங்கி நிரம்புகின்றன. மன்னாரின் சோறு இதுதான். பக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் குழுவினர் அகழாய்வு செய்து, சுடுமண் உருவங்களோடு மிகப் பழைய குடியிருப்பின் தடயங்களை எடுத்தார்கள்.

இங்கே கமக்காரர் ஒருவர் வீட்டில் மதியச் சாப்பாடு. முருங்கன் கறுத்த களிமண்ணைப் பற்றித்தான் முதலில் பேசினார்: கோடையில் கால் புதையும் அளவுக்கு வெடிக்கும், முதல் மழையில் உழவு இயந்திரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறுபோகம் எப்படி என்று கேட்டேன். குளத்தில் மிஞ்சியிருக்கிற தண்ணீரைப் பார்த்து, மாவட்டச் செயலாளர் தலைமையில் கூட்டம் வைத்து, இத்தனை ஏக்கர்தான் என்று தீர்மானிப்பார்கள்; அதைக் காலபோகத்தில் விதைத்தவர்களுக்குப் பங்கு போடுவார்கள். ரம்பாவப் பெரியவர் சொன்ன அதே முறை, இங்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில். கூட்டத்தில் சண்டை வராதா? "வராமலா? விடியத் தொடங்கினா பின்னேரம் வரை நடக்கும். ஆனா முடிவு எடுத்தா எடுத்ததுதான்."

பிறகு அவர் கேட்டார்: "கூட்டத்துக்கு நீர்ப்பாசனம் வரும், கமநலம் வரும், வங்கி வரும், பொலிசும் வரும். மேலயிருந்து ஆர் வருவினம்?"

அந்தக் கேள்வியில் நிறைய அடங்கியிருக்கிறது. இலங்கைச் சட்டப்படி 80 ஹெக்டேயருக்குக் கீழே பாய்ச்சும் குளம் சிறுகுளம். அது கமநலத் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேலே போனால் நீர்ப்பாசனத் திணைக்களம். 1987இல் மாகாண சபைகள் வந்தபின் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களம் ஒன்றும் சேர்ந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆறு மத்திய அரசின் கையில். மல்வத்து ஓயா வட மத்தியில் தொடங்கி வடக்கில் முடிகிறது. ஆகவே ஒரே தொடரில் மேல்குளம் ஒரு திணைக்களத்தில், கீழ்க்குளம் இன்னொன்றில், அணை மூன்றாவதில் இருக்கலாம். நிதி தருபவர்கள் மாவட்டக் கணக்கில் பட்டியல் கேட்கிறார்கள். தண்ணீருக்கு மாவட்டம் கிடையாது.

தந்திரிமலையில் கீழ் மல்வத்து ஓயா நீர்த்தேக்கம் கட்டும் திட்டம் வேறு பல வருடமாகப் பேச்சிலும் வேலையிலுமாக இழுபடுகிறது. வந்தால் வெள்ளம் தணியும், மன்னாருக்குக் கூடுதல் தண்ணீர் கிடைக்கும் என்பது ஒரு பக்கம். மூழ்கப்போகிற நிலம், கதவைத் திறக்கிற கை யாருடையது என்பது மறுபக்கம். அந்த அணையின் கதவைப் பற்றி யோசித்தபோது எனக்கு ரம்பாவக் குளத்தின் இரண்டு பூட்டுத்தான் ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒரு திறப்பு கடைசி வயல்காரனிடம் இருக்குமா?

நான் வீடு திரும்பிச் சில வாரங்களில், 2025 நவம்பர் கடைசியில், டிட்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் மலைநாட்டு மண்சரிவுகளில். வடக்கிலும் வட மத்தியிலும் குளங்கள் வான் பாய்ந்தன, வயல்கள் மூழ்கின. முருங்கன்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். விதைத்தது முழுக்க நீருக்குள், மாடுகள் கொஞ்சம் போய்விட்டன, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை என்றார். மேலிருந்து தண்ணீர் வரப்போகிறது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வானொலியில் சொன்னார்கள் என்றார். செட்டிகுளத்து அம்மாவுக்கு எடுத்தபோது, மேல் ஊர்க்காரர் இரவு பத்து மணிக்கே சொல்லிவிட்டார்களாம். விடியும் மட்டும் கட்டில் மண்மூட்டை அடுக்கினோம், கட்டு நிற்கிறது என்றார்.

இந்தப் புயலுக்குப் பிறகு இலங்கைக்கு இன்னும் பணம் வரும். உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி, காலநிலை நிதியங்கள், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் சேர்த்து அனுப்புவது என்று பல வழியில். ஊர்ச் சங்கங்களுக்குக் காசு அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊர்க் குளத்துக்குக் கொடுக்குமுன் அதற்கு மேலே எத்தனை குளம் இருக்கிறது, அவை எந்த ஊருடையவை, அந்த ஊர்க்காரர் எந்த மொழி பேசினாலும் அவர்களோடு ஒரு கூட்டம் நடந்ததா என்று கேளுங்கள். கொடுப்பதில் ஒரு பகுதியைக் கட்டும் வேலைக்குக் கொடுக்காமல் வங்கியில் போட்டு, வருடாவருடம் பராமரிப்புக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது இன்னும் சுலபம். கட்டுக்கரைக் குளத்தின் அடுத்த சிறுபோகக் கூட்டத்துக்கு அனுராதபுரத்திலிருந்து இரண்டு கமக்காரரை அழைக்க ஒரு கடிதமும் பஸ் காசும் போதும்.